தறி நிற்கும் நாள்

விடுமுறை என்ற சொல்லைக் கேட்டவுடன் மாணவர்களாகிய நம் நெஞ்சம் துள்ளுவது இயல்பே. நாட்காட்டியில் சிவப்பு எழுத்தில் அச்சிட்ட நாட்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே எண்ணி வைத்துக்கொள்கிறோம். ஆரணியிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் பட்டுத்தறி ஓடும் வீடுகளுக்கு அத்தகைய சிவப்பு எழுத்து இல்லை. அங்கே பண்டிகைக்கு ஓய்வு எப்படிக் கிடைக்கிறது? தறி வீட்டுப் பிள்ளை என்ற உரிமையில் அதைச் சிறிது விளக்க முற்படுகிறேன்.

2020ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது ‘வீட்டிலிருந்தே வேலை’ என்னும் தொடர் நாடெங்கும் பரவிற்று. கணிப்பொறி நிறுவனங்களில் பணிபுரியும் இளைஞர் சிலர் அதன் பயனாக, பொங்கலுக்கு நான்கு நாள் முன்னதாகவே ஊர் வந்து, பகலில் வேலையும் மாலையில் உறவுமாக இருக்கின்றனர். மகிழ்ச்சியே. ஆயினும் இதனைப் புதுமை என்று யாரேனும் சொல்லும்போது எங்கள் தெருவில் சிரிப்புத்தான் வரும். ஏனெனில் இங்கே வீடுதான் பட்டறை. தறிக்குழிக்கும் அடுப்படிக்கும் இடையே ஒரு சுவர்தான்.

பட்டு நெசவில் கூலி மணிக்கணக்கில் அன்று, சேலைக் கணக்கில் கிடைக்கிறது. முதலாளியோ கூட்டுறவுச் சங்கமோ பட்டும் சரிகையும் தரும். நெய்து கொடுத்தால் கூலி. ஒரு பாவில் மூன்று நான்கு சேலைகள் வரும். எளிய சேலையானால் நான்கைந்து நாட்களிலும், கோர்வைக் கரையும் கனத்த முந்தியும் உள்ளதானால் இரண்டு வாரத்திலும் முடியும். அதற்குள் எப்போது குழியில் இறங்குவது, எப்போது எழுவது என்பதை நெசவாளரே முடிவு செய்துகொள்ளலாம். ஆடி வெள்ளியன்று படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குக் குடும்பத்தோடு புறப்பட எங்கள் அப்பா எவரிடமும் விண்ணப்பம் எழுதியதில்லை. அமாவாசையன்று எங்கள் வீட்டுத் தறி ஓடாது. ஆயுத பூசையன்று தறிக்கே பொட்டு வைத்துப் பொரி கடலை படைப்போம்.

இது நமக்கு மட்டுமே உரிய வழக்கம் என்று எண்ண வேண்டா. பழைய இங்கிலாந்தின் வீட்டுத்தொழிலாளர்களும் திங்கட்கிழமையைத் தாமே விடுமுறையாக்கி, ‘புனிதத் திங்கள்’ என்று பெயரும் சூட்டி, வார இறுதியில் இரவு பகலாக உழைத்து ஈடு செய்தனர் என்று வரலாற்றறிஞர் ஈ. பி. தாம்சன் 1967இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் விளக்கியுள்ளார். ஆலைச் சங்கு வந்த பிறகே அந்தப் பழக்கம் மெல்ல மறைந்தது.

ஈடு செய்தல் என்று சொன்னேன் அல்லவா? உண்மை அங்கேதான் இருக்கிறது. தறி வீட்டின் ஓய்வு தானாக வருவதில்லை. முன்கூட்டியே உழைத்து வாங்கப்படுகிறது. திருநாள் வருமுன் பாவு முடிய வேண்டும் என்பதே அப்பாவின் கணக்கு. பாவு முடிந்து சேலைகளை அறுத்துக் கொடுத்தால் கூலியும் கைக்கு வரும், மனமும் அமைதியாகும். புதிய பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைக்கும் வேலையைப் பண்டிகை முடிந்து வைத்துக்கொள்ளலாம். ஆகவே பண்டிகையிலிருந்து பின்னோக்கி நாட்களை எண்ணி, நாளொன்றுக்கு எத்தனை முழம் என்று வகுத்துக்கொண்டு, விடியுமுன்னே விளக்கைப் போட்டு உட்காருவார்.

கணக்குத் தவறும் காலம் தீபாவளி. கடைகளுக்குச் சரக்கு முன்னதாகவே போய்ச் சேர வேண்டுமாதலால் புரட்டாசியில் ஓய்வே இராது. அதன்பின் ஐப்பசி மழை. குழியில் ஈரம் ஊறும், தெருவில் பாவு விரிக்க இயலாது, தறி நின்றுவிடும். பண்டிகை வாரத்தில் வீட்டில் எல்லோரும் இருப்போம், கூலிதான் இராது. மழை தந்த விடுமுறைக்கு யார் கூலி கொடுப்பார்? ஆலைத் தொழிலாளிக்குத் தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நான்கு தேசிய விடுமுறை நாட்களும் ஐந்து பண்டிகை நாட்களுமாக ஒன்பது நாட்கள் கூலியோடு உண்டு. வீட்டில் கூலிக்கு நெய்பவருக்கு அந்த ஒன்பதில் ஒன்றுகூட இல்லை. சங்க உறுப்பினர்களுக்கேனும் தீபாவளியை ஒட்டிப் போனஸ் கிடைப்பதுண்டு. முதலாளியிடம் முன்பணம் வாங்கியவருடைய நிலை வேறு. கடன் நிற்கும் வரையில் நேரமும் அவருடையதன்று; எழுந்திருக்கும் உரிமை பெயரளவில்தான்.

மற்றொன்றையும் மறைக்காமல் எழுதவேண்டும். 2019-20ஆம் ஆண்டுக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டின் கைத்தறித் தொழிலாளர் சுமார் 35 லட்சம் பேரில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். தறி நின்றால் அப்பாவுக்கு ஓய்வு. அம்மாவுக்கு அன்றுதான் அதிரசத்துக்கு மாவு இடிக்கும் நாள். வீட்டிலேயே வேலை என்னும் ஏற்பாட்டைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் இதை ஏனோ சொல்வதில்லை.

அக்காவுக்குத் தலைப்பொங்கல் வந்த ஆண்டு நினைவிருக்கிறது. வரிசை கொண்டு போக வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் ஒரு நாளாவது தங்க வேண்டும். மார்கழி முழுவதும் அப்பா கோயில் மணிக்கு முன்பே குழியில் இறங்கினார். நான் கல்லூரி விட்டு வந்ததும் ஊடைத் தார் சுற்றிக் கொடுத்தேன். போகிக்கு முதல் நாள் இரவு கடைசிச் சேலை இறங்கிற்று. கூலியை வாங்கிய கையோடு வெண்கலப் பானையும் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்கினோம். மூன்று நாள் வீட்டில் தறிச்சத்தமே இல்லை. அந்த அமைதி முதலில் சற்று அச்சமாகக்கூட இருந்தது. காணும் பொங்கலன்று அக்கா வீட்டிலிருந்து திரும்பியதும், அம்மா புடவையைக்கூட மாற்றாமல் புதுப் பாவுக்கு வேண்டிய தாரைச் சுற்ற உட்கார்ந்தார்.