கணினிக்கும் குடிமராமத்து

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கிலும் தமிழகத்தின் பிற பகுதிகளிலும், கண்மாயால் பயன்பெறும் ஊராரே கூடித் தூர்வாரிக் கரையைப் பேணுவது குடிமராமத்து எனப்படும். மென்பொருளிலும் இம்மரபு உண்டு.

2011இல் தொடங்கப்பெற்ற தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளமும் இடம்பெற்றது. சி-டாக் உருவாக்கிய அதற்கு அடித்தளம், 1993 முதல் பன்னாட்டுத் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் டெபியன் ஆகும்.

2025 அக்டோபர் 14ஆம் நாள் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிவுற்றது. உறுப்புகள் பழுதுறாத கணினிகளும் இதனால் பாதுகாப்புத் திருத்தங்களை இழக்கின்றன. டெபியனின் மூலநிரலோ அனைவருக்கும் திறந்தது. ஒருவர் கைவிடினும் மற்றொருவர் தொடரலாம். எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய திரைச்சூழலுடன் அதனை நிறுவினால், குறைந்த நினைவகமுடைய கணினியும் எழுதவும் படிக்கவும் பயன்படும்.

தமக்கையோ தமையனோ பெற்ற மடிக்கணினி வீட்டில் உறங்குகிறதா? கோப்புகளைப் படியெடுத்தபின், ஆசிரியர் துணையுடன் அதனை எழுப்பிப் பாருங்கள்.