வேலை தேடும் நாட்களில்

வேலையில் இருப்பவருக்கு நேரம் போதுவதில்லை. வேலை இல்லாதவருக்கோ நேரத்திற்குக் குறைவில்லை என்று உலகம் எண்ணுகிறது. ஆனால் சில மாதங்கள் வேலை தேடி அலைந்தவரைக் கேட்டுப் பாருங்கள். கையிலிருந்த நேரமெல்லாம் எங்கே போயிற்று என்று அவராலேயே சொல்ல இயலாது. பத்திரிகையைப் புரட்டினார், கடைத்தெரு வரை நடந்தார், உண்டார், படுத்தார், பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாளும் அவ்வாறே. இது சோம்பல் அன்று. வேலையின்மை மனிதரிடமிருந்து கூலியோடு சேர்த்துப் பறித்துக்கொள்ளும் மற்றொரு பொருளைப் பற்றியே இங்கு ஆராய விரும்புகிறோம்.

பாலக்காட்டு எல்லையிலும் இடுக்கி மலையோரத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வனுபவம் புதிதன்று. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து இளைஞர் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளில் இடம் தேடுகிறார். அங்கே கிட்டாவிடில் வாளையாற்றைக் கடந்து கோயம்புத்தூர் செல்கிறார். ஏலமலையிலோ வேலை பருவத்தோடு வந்து பருவத்தோடு போகிறது. ஆடி, ஆவணியில் தொடங்கும் காய் பறிப்பு தை, மாசியோடு ஓய்ந்துவிடுகிறது. 2000-ஆம் ஆண்டை ஒட்டித் தேயிலை விலை வீழ்ந்தபோது பீர்மேடு வட்டாரத்தில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. லயத்து வீடுகளில் வாழ்ந்தோருக்குக் கூலி நின்றது. அதுவரை அவர்களை எழுப்பி, நடத்தி, வீடு திருப்பிய நாளின் ஒழுங்கும் கூடவே நின்றது.

இந்த இரண்டாவது இழப்பை உன்னிப்பாக அளந்து பார்த்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. ஆஸ்திரியா நாட்டில் வியன்னா நகருக்கு அருகே மரியந்தால் என்றொரு சிற்றூர். அவ்வூருக்குச் சோறிட்ட நெசவாலை 1929-30-இல் மூடப்பட்டது. மரீ யகோடா, பால் லாசர்ஸ்பெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அவ்வூர் மக்களின் வாழ்க்கையை நேரில் ஆராய்ந்து, 1933-இல் நூலாக வெளியிட்டனர். அவர்கள் கண்டவை வியப்பூட்டுபவை. படிக்க நேரம் பெருகியிருந்தது. நூல்நிலையத்தில் இரவல் கட்டணமும் நீக்கப்பட்டிருந்தது. ஆயினும் மக்கள் எடுத்துச் சென்ற புத்தகங்கள் 1929-க்கும் 1931-க்கும் இடையே ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. தெருவில் ஆடவர் மெல்ல நடந்தனர், அடிக்கடி நின்றனர். நூறு ஆடவரில் 88 பேரிடம் கைக்கடிகாரமோ பைக்கடிகாரமோ இல்லை. மணி பார்க்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லாமற் போயிற்று. பெண்களோ விரைந்து நடந்தனர். அடுப்பும் குழந்தையும் அவர்களை விடவில்லை.

இங்கே ஒன்றை மறவாமல் சொல்ல வேண்டும். அவ்வூரில் மனம் தளராத குடும்பங்களுக்குப் பெரியவர் ஒருவர் அளவுக்கு மாதம் சுமார் 34 ஷில்லிங் கிடைத்து வந்தது; முற்றிலும் சோர்ந்துவிட்ட குடும்பங்களுக்குக் கிடைத்தது 19 ஷில்லிங்தான். ஆகவே மன உறுதி என்பது குணத்தினால் மட்டும் வருவதன்று. அடுப்பு எரிவதையும் பொறுத்தது. வேலையின்றி வாடுபவரை நோக்கி, 'தைரியமாய் இரு' என்று உபதேசம் செய்துவிட்டு நகர்வது நியாயமாகாது. அவர் வீட்டுக்கு ஒரு படி அரிசி அனுப்புவதும் தைரியம் சொல்வதே.

இனி, வேலை தேடுபவர் தம் கையில் உள்ளதைக் கொண்டு செய்யக்கூடியது என்ன? முதலாவது, நாளுக்கு ஒரு வேலியிடுவது. வேலை நாளில் எழுந்த நேரத்திலேயே எழுந்து, குளித்து, வேலை தேடுவதையே அன்றைய உத்தியோகமாகக் கொள்ளலாம். காலையில் இத்தனை மணி வரை விண்ணப்பமும் விசாரணையும். பிற்பகலில் ஏதேனும் கற்றல். மாலையில் வீட்டுப் பணி. இவ்வளவு போதும். 1945-இல் பி. என். பணிக்கர் முதலியோர் தொடங்கிய நூல்நிலைய இயக்கத்தினால் கிராமந்தோறும் வாசகசாலைகள் நிறைந்த நாடு கேரளம். விலையின்றிப் பத்திரிகை கிடைக்கும் அவ்விடத்தில், காலையில் ஒரு மணி நேரம் அமர்ந்தால் மலையாள எழுத்தும் கைவந்துவிடும்.

இரண்டாவது, மனிதரை விட்டு ஒதுங்காதிருப்பது. வேலை போனவர் வெட்கத்தினால் விழாவுக்கும் செல்வதில்லை; தெரிந்தவரைக் கண்டால் சந்து மாறிப் போகிறார். நஷ்டம் அவருக்கே. அமெரிக்க அறிஞர் மார்க் கிரானொவெட்டர் 1974-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆள் மூலம் வேலை பெற்றவர்களில் பெரும்பாலோருக்குச் செய்தி சொன்னவர்கள் நெருங்கிய நண்பர்கள் அல்லர். எப்போதோ சந்திக்கும் பழக்கக்காரர்களே. காரணம் எளிது. நம் வீட்டாருக்குத் தெரிந்தது நமக்கும் முன்பே தெரியும். தூரத்துப் பழக்கக்காரருக்கோ வேறு இடத்துச் செய்தி தெரியும். ஆகவே போடியிலிருந்து ஜீப் ஓட்டி வருபவரிடமும் பழைய மேஸ்திரியிடமும், 'எனக்கு வேலை வேண்டும்' என்று சொல்லி வைப்பதில் இழிவு ஏதுமில்லை.

மூன்றாவது, உரிமையை அறிந்திருப்பது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவதற்குக் கட்டணம் இல்லை. உரிய காலத்தில் புதுப்பிக்கத் தவறினால் மூப்பு வீணாகும். பணம் கொடுத்தால் அரசாங்க வேலை வாங்கித் தருவேன் என்பவரிடம் எச்சரிக்கையாய் இருங்கள். மேலும், கேரள அரசின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், சிறுபான்மை மொழிப் பகுதிகளென அறிவிக்கப்பட்ட இடங்களில் வாழும் தமிழர், அங்குள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதவும் தமிழிலேயே விடை பெறவும் வழிசெய்கிறது. மனு எழுதப் பிறர் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டுவதில்லை.

கடைசியாக வீட்டாருக்கு ஒரு வார்த்தை. மாலையில் வெறுங்கையோடு திரும்புபவரைப் பார்த்து, 'இன்றைக்கும் ஒன்றும் ஆகவில்லையா?' என்று கேளாதீர்கள். 'இன்று யார் யாரைப் பார்த்தீர்கள்?' என்று கேளுங்கள். முதற்கேள்விக்கு விடை அவர் வசத்தில் இல்லை; இரண்டாவதற்கு உண்டு. அந்த விடையைச் சொல்வதற்காகவேனும் அவர் நாளைக் காலையில் நேரத்தோடு எழுந்து புறப்படுவார்.