முகத்தில் முடியா? முதலில் காரணத்தைப் பாருங்கள்!



நம்மில் பல பேர் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் ஒரு விஷயத்தை எழுதுகிறேன். மேலுதட்டிலும் தாடையிலும் கை, கால்களிலும் வளரும் முடியைத்தான் சொல்கிறேன். கல்யாண வீட்டில் நாலு பேர் சேர்ந்தால் போதும், "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா, ஆனா மீசை..." என்று ஒருத்தியாவது இழுப்பாள். அந்த ஒரு வார்த்தை அந்தப் பெண்ணை எத்தனை நாள் அழ வைக்கும் என்று சொன்னவளுக்குத் தெரியாது.

என் நாத்தனார் மகளுக்கு 19 வயது. கல்லூரியில் இரண்டாம் வருஷம். போன வருஷத்திலிருந்து தாடைக்குக் கீழே முடி கறுப்பாக, கெட்டியாக வளர ஆரம்பித்தது. சித்திரை வெயிலிலும் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுவாள். வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். "கஸ்தூரி மஞ்சள் பூசு, எல்லாம் உதிர்ந்துடும்" என்றார் என் மாமியார். பியூட்டி பார்லரிலோ, "லேசர் பண்ணிடுங்க, ஜென்மத்துக்கும் முளைக்காது" என்று பெரிய தொகை கேட்டிருக்கிறார்கள். சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டிவிடலாமா என்று நாத்தனார் என்னிடம் யோசனை கேட்டார்.

நான் அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, "மாசாமாசம் ஒழுங்கா வருதா கண்ணு?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "ரெண்டு மாசம், மூணு மாசம் தள்ளித்தான் வருது அத்தை" என்றாள். "அண்ணி, லேசர் அப்புறம். முதல்ல டாக்டரைப் பார்ப்போம்" என்றேன். "கல்யாணம் ஆகாத பொண்ணை லேடி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா ஊர் என்ன பேசும்?" என்று மாமியார் தடுத்தார். "பல்லு வலின்னா போகலையா அத்தை, அது மாதிரிதான் இதுவும்" என்று சமாதானம் சொல்லி, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்தார்கள். பி.சி.ஓ.எஸ். என்று சொல்லும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்னை என்று தெரிந்தது.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். ஆண்களுக்குரிய ஹார்மோன் எல்லாப் பெண்கள் உடம்பிலும் கொஞ்சம் இருக்கும். அது கூடினால் தாடை, மார்பு, வயிறு போன்ற இடங்களில் தடிப்பான முடி வரும், மாதவிலக்கு தள்ளிப் போகும், முகப்பரு வரும். சிலருக்கு எடை கூடும், பின்கழுத்து கறுக்கும். கவனிக்காமல் விட்டால் பின்னாளில் சர்க்கரை வியாதிக்கும் வழி வைக்கும். நடைப்பயிற்சி, சாப்பாட்டில் கட்டுப்பாடு, மாத்திரை என்று எழுதித் தந்தார். "முடியில வித்தியாசம் தெரிய ஆறு மாசமாவது ஆகும். அதுவரைக்கும் உனக்குச் சௌகரியமான முறையில எடுத்துக்கோம்மா, தப்பில்லை" என்றும் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் அந்தப் பெண் முகத்தில் சிரிப்பே வந்தது.

எல்லோருக்கும் நோய்தான் காரணம் என்று பயப்பட வேண்டாம். சில குடும்பங்களில் வம்சவழியாகவே முடி அதிகம் இருக்கும். பூனை முடி போல மெல்லிசாக இருந்தால் கவலையே இல்லை. ஆனால் முடி திடீரென்று வேகமாக வளர்ந்தாலோ, குரல் தடித்தாலோ தள்ளிப் போடாமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

இனி, எந்த முறை யாருக்குப் பொருந்தும் என்று நான் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கஸ்தூரி மஞ்சள், பயத்தமாவு பூசுவது நம் வழக்கம். பூசுங்கள். ஆனால் வேரோடு இருக்கும் கெட்டி முடியை அது எடுத்துவிடாது.

ஷேவ் செய்தால் முடி தடிப்பாக வளரும் என்பது வெறும் பேச்சு. நறுக்கிய முனை மொட்டையாக இருப்பதால் கைக்குச் சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். செலவும் குறைவு. வீட்டு ஆண்கள் ரேஸரை மட்டும் எடுக்காதீர்கள், தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

நூல் போட்டு எடுக்கும் த்ரெட்டிங், புருவத்துக்கும் மேலுதட்டுக்கும் ஏற்றது. இரண்டு, மூன்று வாரம் தாங்கும். சிலருக்குச் சின்னச் சின்னப் பொரி கிளம்பும்.

வாக்ஸிங் கை, கால்களுக்கு நல்லது. முடி அரை சென்டிமீட்டராவது இருந்தால்தான் பிடிக்கும். மூன்று முதல் ஆறு வாரம் வரை தொல்லையில்லை. பருவுக்காக ரெட்டினாய்டு கிரீமோ மாத்திரையோ எடுப்பவர்கள் செய்துகொள்ளக் கூடாது, தோலே உரிந்துவிடும். சர்க்கரை உள்ளவர்களும் காலில் நரம்பு சுருண்டிருப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

முடி நீக்கும் கிரீம் வலிக்காது. முதல் நாளே முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி, 24 மணி நேரம் பாருங்கள். அரிப்போ சிவப்போ இல்லையென்றால் மட்டும் பயன்படுத்துங்கள். அட்டையில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேல் ஒரு நிமிஷம்கூட வைக்காதீர்கள், புண்ணாகிவிடும்.

ப்ளீச் முடியை எடுக்காது, நிறத்தை மட்டும் வெளுக்க வைக்கும்.

லேசர், முடியின் கறுப்பு நிறத்தைப் பிடித்து வேரைச் சுடுகிறது. அதனால் நரைமுடிக்குப் பலிக்காது. வளர்ச்சியில் இருக்கும் முடி மட்டுமே அடிபடும் என்பதால் சில வார இடைவெளியில் ஆறு, எட்டு தடவை போக வேண்டியிருக்கும். முடி வெகுவாகக் குறையும். "இனி முளைக்கவே முளைக்காது" என்பது விளம்பரப் பேச்சு. ஹார்மோன் கோளாறு சரியாகாதவர்களுக்குப் புது முடி வந்துகொண்டுதான் இருக்கும். நம் மாநிறத் தோலுக்கு எல்லா மெஷினும் ஆகாது, தழும்பும் கறுப்பும் விழக்கூடும். அதனால் தோல் டாக்டரிடம் மட்டுமே செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு முடியாக ஊசி விட்டு மின்சாரத்தால் வேரை அழிக்கும் எலெக்ட்ரோலிஸிஸ் நரைமுடிக்கும் பலிக்கும், ஆனால் நாள் பிடிக்கும்.

தாய்மார்களே, பெண் தாடையைத் துப்பட்டாவால் மறைத்தால், "என்னடி அலங்காரம்" என்று அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து, மாத நாள் கணக்கைக் கேளுங்கள். அதன் பிறகு முடியை எடுப்பதோ, அப்படியே விடுவதோ அவள் இஷ்டம். அவள் முகம், அவள்தான் தீர்மானிக்க வேண்டும்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்