கராஜுக்குள் ஒரு சோழ நாடு!

கராஜ் கதவைப் பாதிதான் தூக்கி வைத்திருக்கிறோம். குனிந்து உள்ளே வாருங்கள். காலைப் பார்த்து வையுங்கள், நீங்கள் மிதிக்கப்போவது தஞ்சாவூர் அரண்மனை! சைக்கிள் மாட்டும் கொக்கியில் தொங்குகிறதே, அது அரச முத்திரை: உட்கார்ந்திருக்கும் புலி, பக்கத்தில் இரண்டு மீன்கள், ஒரு வில், மேலே குடை, இருபுறமும் சாமரம். வாஷிங் மெஷின் ஓரமாகப் பெயின்ட் காயாமல் நிற்பது யானை. பெண் யானை என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் அதைச் செய்த பிள்ளைகள் விட மாட்டார்கள்.

பிளசன்டனில் எங்கள் தெருத் தமிழ்ப் பிள்ளைகள் போடப்போகும் நாடகத்தின் ஒத்திகை இது. கலிபோர்னியாவில் ஆறாம் வகுப்பில் பண்டைய இந்தியா பாடம் வரும். புத்தரையும் அசோகரையும் படித்துவிட்டு வந்த ஒரு சிறுமி, "நம்ம ஊர்ல புத்தர் இருந்தாரா, ஆன்ட்டி?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விதான் இந்த கராஜிலிருந்த கார்களைத் தெருவுக்குத் துரத்தியது. இருந்தாரே கண்ணு! நாகப்பட்டினத்தில் கடலோரமாக, கப்பலில் வருகிறவர்களை வரவேற்றபடி, பெரிய விகாரையில் இருந்தார். அவருக்குப் பூசைச் செலவுக்கு ஊர் கொடுத்தது யார் தெரியுமா? தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய அதே ராஜராஜன்!

கதைச் சுருக்கம் இதுதான். கடல் கடந்த கடாரத்தின் அரசன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் ஒரு விகாரை எடுக்கிறான். அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் அப்பாவின் பெயரிலேயே அதைக் கட்டி முடிக்கிறான். அதற்கு ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 வாக்கில், ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுக்கிறான். தஞ்சையில் பெரிய கோயில் எழுந்துகொண்டிருந்த காலம் அது; 1010இல்தான் விமானத்தின் உச்சிக்குச் செப்புக் கலசம் கொடுத்தான். தனக்குச் சிவபாதசேகரன் என்று பெயர் சூட்டிக்கொண்ட ஒரு மன்னன், சிவனுக்கு மலைபோல் கோயில் கட்டும் நாட்களிலேயே புத்தருக்கும் ஊர் எழுதிக் கொடுத்திருக்கிறான். இதைச் சொன்னதும் பிள்ளைகள் அத்தனை பேரும் ராஜா வேஷம் கேட்டார்கள்!

ராஜாவுக்கு வசனம் ஒரே வரி

வேஷம் பிரித்ததே தனிக் கொண்டாட்டம். குடவோலை போட்டோம்! உத்திரமேரூர்க் கல்வெட்டு (921, முதலாம் பராந்தகன் காலம்) சொல்கிறபடி, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் அறியாத சின்னப் பிள்ளையைக் கொண்டு எடுக்க வேண்டும். எங்கள் தெருவின் மிகச் சின்னக் குட்டி குடத்துக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுத்தாள். ராஜராஜன் ஒரு ஒன்பது வயதுப் பெண்ணுக்கு விழுந்தான்.

மகிழ்ச்சியில் குதித்தவள், வசனத் தாளைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டாள். ராஜாவுக்கு ஒரே ஒரு வரி. அவர் தஞ்சாவூர் அரண்மனையின் வெளிப்புறத்தில், ராஜாச்ரயன் என்ற மாளிகையின் தென்பக்க மண்டபத்தில் அமர்ந்து, ஊரைக் கொடுத்தோம் என்று வாயால் சொல்கிறார். அவ்வளவுதான், போய்விடலாம். மேடை முழுக்க அதற்கப்புறம் எழுத்தர்களின் ஆட்டம்!

திருமந்திர ஓலை எழுதுகிறவர் ராஜா சொன்னதை எழுதுகிறார். திருமந்திர ஓலைநாயகம் அது சரிதானா என்று பார்த்து ஒப்புகிறார். பிறகு ஓலை புரவுவரித் திணைக்களத்துக்குப் போகிறது; இன்றைய பேச்சில் சொன்னால் வருவாய்த் துறை. அங்கே வரிப்பொத்தகத்தில் பதிகிறவர், முகவெட்டி, பட்டோலைக்காரர் என்று வரிசையாக ஆட்கள். ஒருவர் படிக்க இன்னொருவர் எழுத, மூன்றாமவர் சரிபார்க்கிறார். இந்த வேஷங்கள் விழுந்த பையன்கள் முதலில் முணுமுணுத்தார்கள். ஒத்திகை சூடு பிடித்ததும் பார்க்க வேண்டுமே! மூக்கு நுனியில் கண்ணாடி, காதில் எழுத்தாணி, "எங்கே, இன்னொரு தடவை வாசியுங்கள்" என்று ஒரே அதட்டல். பிளசன்டனில் வீட்டுக்குப் பின்னால் டெக் போட நகராட்சியில் பெர்மிட் வாங்கிய அப்பாக்கள் எல்லாரும் இந்தக் காட்சியில் தங்களையே பார்த்துச் சிரித்தார்கள்.

கணக்கைக் கேளுங்கள். நிலம் 97 வேலிக்குச் சற்று மேல். வேலிக்கு ஆறரை ஏக்கர் என்று வைத்தால் அறுநூறு ஏக்கரைத் தாண்டும். ஆண்டுக்கு நெல் 8,943 கலம்; அதற்கு மேல் தூணி, குறுணி, நாழி வரைக்கும் எழுதியிருக்கிறார்கள். பல்லாயிரம் கலத்தில் ஒரு நாழியைக்கூட விடாத அரசு! இந்த வகை நிலத்துக்குப் பள்ளிச்சந்தம் என்று பெயர். கோயிலுக்குத் தேவதானம், பிராமணருக்குப் பிரமதேயம், பௌத்த, சமணப் பள்ளிகளுக்குப் பள்ளிச்சந்தம். வரிக்கணக்குப் புத்தகத்திலேயே புத்தருக்கும் அருகருக்கும் இடம் போட்டு வைத்திருந்தார்கள். எனக்கு இந்த நாடகத்தில் உயிரான இடம் இதுதான். சமயங்களுக்கு இடையே இணக்கம் வேண்டும் என்று எல்லாரும் பேசுகிறோம். சோழர் அதைக் கணக்கில் ஏற்றி, சாட்சி வைத்து, கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

யானை வருகிறது, வழி விடுங்கள்!

இப்போது எல்லாரும் தெருவுக்கு வாருங்கள். அரசனின் திருமுகம், அதாவது ஆணை ஓலை, ஊருக்கு வந்துவிட்டது. நாட்டார் எதிர்கொண்டு போய்த் தொழுது, வாங்கித் தலைமேல் வைத்துக்கொள்கிறார்கள். அடுத்தது யானை. ஒரு பெண் யானையை நிலத்தைச் சுற்றி நடக்கவிட்டு, அது நடந்த வழியே எல்லை குறித்து, கல் நட்டு, கள்ளிச்செடி நடுகிறார்கள்.

வீடு மாறி வந்தவர்கள் தந்த அட்டைப்பெட்டிகளில் செய்த யானைக்குள் இரண்டு பிள்ளைகள். முன்னால் இருப்பவனுக்கு வலப்பக்கம் போக வேண்டும். பின்னால் இருப்பவளுக்கு இடப்பக்கம்! எல்லை நேராக வருமா? பக்கத்து வீட்டுப் புல்வெளியும் ஆனைமங்கலத்தில் சேர்ந்துவிட்டது. அதற்குத்தான் அசல் எல்லை நடையில் பக்கத்து ஊர்க்காரர்களும் கூட நின்றார்கள். ஊர் ஊராக ஆள் வந்து, தங்கள் எல்லை எது என்று சொல்லி, எழுத்தில் ஒப்பியிருக்கிறார்கள். சபைக்கும் ஊருக்கும் எழுதுகிறவர்கள் தனித்தனியே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ராஜா வாய் திறந்தது 21ஆம் ஆட்சியாண்டின் 92ஆம் நாள். ஊரார் ஓலை முடிந்தது 23ஆம் ஆட்சியாண்டில். பேரரசன் சொல்லியும் அவசரப்படாமல் ஒவ்வொரு படியாக ஏறிய நிர்வாகம் அது.

பிறகு ராஜராஜன் மறைந்தான். மகன் ராஜேந்திரன் அப்பாவின் கொடை அழியாதிருக்கச் செப்பேட்டில் பொறிக்கச் சொன்னான். மொத்தம் 21 ஏடுகள்: சமஸ்கிருதத்தில் 5, தமிழில் 16. ஒரு பெரிய வளையத்தில் கோத்து அரச முத்திரை வைத்திருக்கிறது. எடை ஏறத்தாழ 30 கிலோ! எங்கள் ஏடுகள் அட்டையில் செப்பு நிறத் தாள் ஒட்டியவை. ஆனால் இருபத்தொன்றையும் செய்தே தீர்வது என்று பிள்ளைகள் இரவெல்லாம் வெட்டினார்கள். அசல் ஏடுகள் டச்சுக்காரர் காலத்தில் நெதர்லாந்துக்குப் போனதால், சோழன் கொடுத்த சாசனம் உலகெங்கும் லெய்டன் செப்பேடுகள் என்ற பெயரில் புகழ் பெற்றது.

மேடைக்கு வராதவர்கள்

சாசனத்தில் விகாரைக்குக் கொடுத்த உரிமைகளின் பட்டியல் இருக்கிறது. சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுக்கலாம், கிணறு தோண்டலாம், தென்னை வைக்கலாம், செங்கழுநீர் நடலாம். செங்கல்லில் வீடு கட்டவே அரசு அனுமதி வேண்டியிருந்த காலம்! அதே பட்டியலில் இன்னொன்றும் உண்டு: அங்குள்ள தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக்கூடாது. அவர்கள் கள் இறக்கும் தொழிலாளர்கள்.

இதைப் படித்தபோது கராஜ் சத்தம் அடங்கியது. "அவங்க என்ன சொன்னாங்கன்னு எழுதலையா?" என்று யானைக்குள் இருந்த பெண் கேட்டாள். எழுதவில்லை. நாங்கள் வேஷம் பிரித்த குடவோலையும் அப்படித்தான். உத்திரமேரூரில் குடத்துக்குள் யார் பெயர் போனது? பொதுவாகக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ள, 35 முதல் 70 வயதுக்குட்பட்ட, வேதம் கற்ற ஆண்களின் பெயர் மட்டும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் நிற்க முடியாது என்ற அருமையான விதியும் அங்கே உண்டு. ஆனால் பெண்களுக்கும் நிலமற்றவர்களுக்கும் அங்கே இடம் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் ஆடல் மகளிர்) பெயரையும், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதையும் பொறித்து, ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் வைக்கிறது. அவ்வளவு நுணுக்கமாக எழுதியவர்கள், நாற்று நட்டவர்கள் பெயரை எழுதவில்லை. எங்கள் நாடகத்தில் ஒரு பாத்திரம் கூடியது: யானை நடந்துபோன வயலில் குனிந்து நிற்கும் ஒரு பெண். அவள் நிமிர்ந்து சபையைப் பார்த்து, இந்த நெல் நான் விளைவித்தது என்று சொல்லுவாள். ராஜாவைவிட அவளுக்குத்தான் வசனம் அதிகம்.

சண்டை வந்த பிறகும்

கிளைமாக்ஸுக்கு வருவோம். 1025இல் ராஜேந்திரனின் கப்பற்படை கடாரத்தின் மேல் பாய்கிறது! அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் சிறைப்படுகிறான். படையை அனுப்பியவன், அப்பாவின் வாக்கைச் செம்பில் பொறித்த அதே ராஜேந்திரன். பையன்கள் இந்தக் காட்சிக்காகவே உயிரோடு இருக்கிறார்கள். அட்டைக் கப்பல், அட்டை வாள், ஒரே ரகளை.

போருக்குப் பின் விகாரை என்ன ஆனது? இருந்தது! 1090இல் முதலாம் குலோத்துங்கனிடம் கடாரத்துத் தூதர்கள் ராஜவித்யாதர ஸ்ரீ சாமந்தனும் அபிமானோத்துங்க ஸ்ரீ சாமந்தனும் வந்து விண்ணப்பிக்க, அவன் விகாரையின் ஊர்களுக்கு வரி நீக்கிப் புதிய சாசனம் கொடுத்தான். அப்போது அந்தப் பள்ளியின் பெயர் ராஜேந்திரசோழப் பெரும்பள்ளி. படையெடுத்தவன் பெயரிலேயே புத்தர் கோயில்! இலங்கையில் திருகோணமலைக்கு அருகே வெல்கம் விகாரையும் ராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் கொண்டிருந்தது. அங்கே தமிழில் வெட்டிய கொடைக் கல்வெட்டுகள் இருக்கின்றன.

நாகப்பட்டினத்தில் எஞ்சி நின்ற செங்கல் கோபுரம் ஒன்றை 1867இல் இடித்துவிட்டார்கள். ஆனால் 1856 முதல் அந்த மண்ணிலிருந்து ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்கள் கிடைத்தன. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பல இருக்கின்றன.

இங்கிருந்து 580 நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் பக்கத்து ஊர் லிவர்மோர். அங்கே 1986இல் குடமுழுக்கு கண்ட சிவா விஷ்ணு கோயில். தென்னாட்டுக் கோபுரமும் வடநாட்டுச் சிகரமும் ஒரே வளாகத்தில். அதன் முக்கியத் திருமேனிகளைத் தமிழ்நாடு அரசு 1985இல் கொடையாகத் தந்தது. கடல் கடந்து வந்தவர்கள் வந்த இடத்தில் தங்கள் தெய்வத்துக்கு வீடு கட்டுவதும், ஓர் அரசு அதற்குக் கைகொடுப்பதும் ஆயிரம் ஆண்டுகளாகத் தமிழர் அறிந்த வழக்கம். அன்று கடாரத்தார் நம் கரையில் கட்டினார்கள். இன்று நாம் இன்னொரு கரையில் கட்டியிருக்கிறோம்.

பெற்றோர்களே, விடுமுறைக்குச் சென்னை போகிறீர்களா? ஷாப்பிங்கில் ஒரு நாளைக் குறைத்துப் பிள்ளைகளை எழும்பூருக்குக் கூட்டிப் போய் நாகப்பட்டினத்துப் புத்தரைக் காட்டுங்கள். ராஜராஜன் கதையைச் சொல்லும்போது படை, கோயில், கப்பலோடு நிறுத்தாதீர்கள். ஓலை எழுதியவர், எல்லை நடந்தவர், நெல் விளைவித்தவர் எல்லாரையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு நாகரிகம் அவர்கள் கையில்தான் இருந்தது.