கிதார் வாசிக்கப் பலம் வேண்டாம்!

இறுக்கினால் கை கெடும்; தளர்த்தினால் இசை வரும்

கிதார் கற்கத் தொடங்குகிறவர்களைப் பாருங்கள். யாரோ பிடுங்கிக்கொண்டு போகப் போகிறார்கள் என்பதுபோல் அந்த வாத்தியத்தின் கழுத்தை இறுகப் பிடித்திருப்பார்கள். தோள் காது வரை ஏறியிருக்கும். பல்லைக் கடித்திருப்பார்கள். சிலர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருப்பார்கள்.

மூட்டை தூக்குகிறவர் படும் பாட்டை, ஒரு மெல்லிய தந்தியை அழுத்துவதற்கு இவர்கள் படுகிறார்கள்!

இதனால் கை வலிக்கும். இசையோ வராது. இப்படியே ஆண்டுக்கணக்கில் வாசித்தால் கை கெட்டுப்போவதும் உண்டு. கை ஒத்துழைக்காமல் போனதால் வாசிப்பையே விட நேர்ந்த மேதைகள் இருந்திருக்கிறார்கள்.

கலைந்த கனவு

ராபர்ட் ஷூமான் ஜெர்மனியைச் சேர்ந்தவர். 1810-ம் ஆண்டு பிறந்தார். பெரிய பியானோக் கலைஞராக வேண்டும் என்பது அவருடைய கனவு. அதற்காகச் சட்டப் படிப்பையே விட்டார். லைப்சிக் நகரில் ஓர் ஆசிரியரிடம் சேர்ந்து, மணிக்கணக்கில் சாதகம் செய்தார்.

அவருடைய வலது கை நடுவிரல் சொன்னபடி கேட்கவில்லை. விரலை வழிக்குக் கொண்டுவர ஒரு கருவியையும் மாட்டிப் பார்த்தார். பலன்? விரல் மேலும் மோசமாயிற்று. 22 வயதிலேயே மேடைக் கனவு கலையத் தொடங்கியது.

பிறகு அவர் இசை அமைப்பதில் இறங்கி, அழியாப் புகழ் பெற்றார். ஆனால் அவர் எழுதிய பியானோ இசையை மேடை மேடையாக வாசித்துப் பரப்பியவர் அவருடைய மனைவி கிளாராதான்.

ஷூமானுக்கு வந்த நோய் எது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அது 'போக்கல் டிஸ்டோனியா'வாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள்.

விரல் செய்யும் கலகம்

இந்த நோய் விசித்திரமானது. பெரும்பாலும் வலி இருக்காது. சோறு உண்ணும்போதும் சட்டைப் பொத்தான் போடும்போதும் விரல் ஒழுங்காக வேலை செய்யும். வாத்தியத்தைத் தொட்டவுடன் தானாக மடங்கிக்கொள்ளும்! இசையையே தொழிலாகக் கொண்டவர்களில் ஏறத்தாழ 100-ல் ஒருவருக்கு இது வருவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

பழுது விரலில் இல்லை. விரலை ஆட்டிவைக்கும் மூளையில் இருக்கிறது. ஒரே நுணுக்கமான அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது, பரபரப்பு, உடல்வாகு எல்லாம் இதற்குக் காரணமாகலாம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள்.

அமெரிக்கக் கிதார் கலைஞர் டேவிட் லைஸ்னர் 1980-களில் இதில் மாட்டிக்கொண்டார். அவருடைய வலது கை விரல்கள் கலகம் செய்தன. ஏறத்தாழ 12 ஆண்டுகள் போராடினார்.

அவர் மீண்ட விதம்தான் கவனிக்க வேண்டியது. விரல்களை மட்டும் நம்புவதை அவர் விட்டார். தோள், மேல்கை ஆகியவற்றில் உள்ள பெரிய தசைகளையும் வேலையில் பங்கெடுக்க வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக எல்லா விரல்களும் வழிக்கு வந்தன. மறுபடியும் மேடை ஏறினார். தாம் கற்ற பாடத்தை 2018-ல் ஒரு புத்தகமாகவே எழுதி வெளியிட்டார். எளிதாக வாசிப்பது எப்படி என்பதே அதன் பொருள்.

விரலில் தசை இல்லை!

விரலை மடக்கி நீட்டும் தசைகள் விரலுக்குள் இல்லை. ஆச்சரியமாக இருக்கிறதா? ஒரு சோதனை செய்து பாருங்கள். இடது முன்கையை வலது கையால் பற்றிக்கொண்டு, இடது கை விரல்களை மட்டும் ஆட்டுங்கள். முழங்கைக்குக் கீழே தசைகள் நெளிவது தெரியும்.

பொம்மலாட்டத்தில் பொம்மை ஓரிடத்தில் ஆடும். கயிற்றை இழுப்பவர் வேறிடத்தில் இருப்பார். கையும் அப்படித்தான். உள்ளங்கையில் சில சிறு தசைகள் உண்டு. ஆனால் பலமாக இழுக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றுக்கும் விரல்களுக்கும் நடுவே கயிறுபோல் ஓடுவது தசைநாண்.

இந்தக் கயிறுகள் மணிக்கட்டைக் கடந்துதான் விரலுக்குப் போக வேண்டும். அங்கே எலும்புகளுக்கும் ஒரு கெட்டியான பட்டைக்கும் நடுவே ஒரு குறுகிய வழி இருக்கிறது. அதன் வழியாக 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன.

மணிக்கட்டு நேராக இருந்தால் போக்குவரத்துச் சுலபம். அதை மிகவும் வளைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். தசைநாண்கள் உராயும். நரம்பு நசுங்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்துப்போகும். இரவில் தூக்கத்தில் கை மரத்து விழிப்பு வருவதும் இதனால் நேரலாம்.

கிதார் வாசிப்பவருக்கு மட்டும் வரும் தொல்லை அன்று இது. தையல் வேலை செய்பவர், கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்பவர் ஆகியோருக்கும் வருகிறது.

எவ்வளவு அழுத்த வேண்டும்?

வீணையில் இருப்பதுபோல் கிதாரிலும் மெட்டுகள் உண்டு. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளே அவை. தந்தி அந்த மெட்டைத் தொட்டால் போதும், சுரம் பிறந்துவிடும். அதற்கு மேல் அழுத்துவது எல்லாம் வீண். பூட்டிய பூட்டை மறுபடியும் திருகுவதுபோல்தான்.

எவ்வளவு போதும் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது.

இடது கை விரலைத் தந்தியின் மேல் சும்மா வையுங்கள். அழுத்தாதீர்கள். வலது கையால் மீட்டுங்கள். 'டப்' என்று சத்தம் வரும். மீட்டிக்கொண்டே சிறிது சிறிதாக அழுத்துங்கள். 'கர்ர்' என்று இரையும். இன்னும் ஒரு துளி அழுத்துங்கள். சுரம் தெளிவாகக் கேட்கும். அங்கே நிறுத்துங்கள். அவ்வளவுதான் தேவை!

இதுநாள் வரை எத்தனை மடங்கு அழுத்திக்கொண்டிருந்தோம் என்பது அப்போது தெரியும்.

விரலை வைக்கும் இடமும் முக்கியம். இரண்டு மெட்டுகளுக்கு நடுவே வைத்தால் அதிக பலம் வேண்டும். வாத்தியத்தின் உடல் பக்கம் உள்ள மெட்டை ஒட்டி வைத்தால் கொஞ்சம் போதும்.

கட்டைவிரலையும் கவனியுங்கள். கழுத்தின் பின்புறம் அது இடுக்கிபோல் நெரிக்கக் கூடாது. சில சுரங்களைக் கட்டைவிரலை எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். கையின் எடையே தந்தியை அழுத்தப் போதுமானது என்பது விளங்கும்.

ஒரு சுரம் முடிந்தவுடன் விரலைத் தளர விடுங்கள். நடக்கும்போது ஒரு கால் ஊன்ற, மறு கால் ஓய்வெடுக்கிறது. அதனால்தான் மைல் கணக்கில் நடக்க முடிகிறது. விரலுக்கும் அந்த ஓய்வு வேண்டும்.

இரண்டு விரல் அதிசயம்

வாசிப்புக்குக் கையின் பலமே மூலதனம் என்று நினைப்பவர்கள் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் கதையைக் கேட்க வேண்டும்.

அவர் 1910-ல் பெல்ஜியத்தில் பிறந்தவர். நாடோடிக் குடும்பம். வண்டியே வீடு. 1928-ல் அந்த வண்டி தீப்பிடித்தது. இடது கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் சுருண்டுபோயின.

கிதார் வாசிப்பவருக்கு இடது கை விரல்கள் உயிர் போன்றவை. ஆனால் அவர் ஓயவில்லை. மீதி இருந்த இரண்டு விரல்களைக் கொண்டே ஒரு புதிய முறையை உண்டாக்கினார். ஐரோப்பாவின் ஜாஸ் இசையில் தனி இடம் பிடித்தார். 1953-ல் காலமானார்.

12 ஆண்டுகள் சென்றன. 1965-ம் ஆண்டு. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் ஓர் உலோகத் தகடுத் தொழிற்சாலை. டோனி அயோமி என்ற 17 வயதுப் பையன் அங்கே வேலை செய்தான். அதுதான் அவனுக்குக் கடைசி நாள் வேலை. இயந்திரத்தில் வலது கை சிக்கி, இரண்டு விரல்களின் நுனி துண்டாயிற்று. அவன் இடது கைப் பழக்கம் உள்ளவன். தந்தியை அழுத்துவது வலது கைதான்!

மனம் உடைந்திருந்த அவனுக்கு, தொழிற்சாலை அதிகாரி ஒருவர் ஓர் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். அது ஜாங்கோவின் இசை. இரண்டு விரல்களால் வாசித்தது என்று கேட்டதும் பையனுக்கு நம்பிக்கை பிறந்தது.

பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரல் நுனிக்கு உறை செய்துகொண்டான். கனமான தந்திகளை எடுத்துவிட்டு மெல்லிய தந்திகளைப் பூட்டினான். பிற்காலத்தில் சுருதியையும் இறக்கிக்கொண்டான். தந்தி தளர்ந்தது. அழுத்துவது எளிதாயிற்று. அந்தத் தாழ்ந்த, கனத்த நாதமே பிறகு 'பிளாக் சபாத்' குழுவின் அடையாளமாகி உலகைச் சுற்றி வந்தது.

கையை வாத்தியத்துக்காக வருத்தாமல், வாத்தியத்தைக் கைக்கு ஏற்றபடி மாற்றினார் அயோமி. காயம் படாத கைக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

வாத்தியம் வாங்குவோருக்கு

பிள்ளைக்குக் கிதார் வாங்கித் தரும் பெற்றோர் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, தந்திக்கும் மெட்டுக்கும் உள்ள இடைவெளி. மலிவான கிதார்கள் பலவற்றில் இது அதிகம். பிள்ளை எவ்வளவு அழுத்தினாலும் சுரம் பேசாது. பழுது பார்க்கும் கடையில் தந்தியைத் தாழ்த்தித் தருவார்கள்.

இரண்டாவது, தந்தியின் வகை. எஃகுத் தந்திக் கிதாரில் இழுவிசை மிக அதிகம். நைலான் தந்தி விரலுக்கு இதமானது.

மூன்றாவது, அளவு. பத்து வயதுப் பிள்ளைக்குப் பெரியவர் கிதார் ஆகாது. முக்கால் அளவுக் கிதார்கள் கிடைக்கின்றன. வளர்ந்த பிறகு பெரியது வாங்கிக்கொள்ளலாம்.

உட்காரும் முறையும் உண்டு. கிதார் தானாக மடியில் நிற்க வேண்டும். இடது கை அதைத் தாங்கிப் பிடிக்கக் கூடாது. இதற்காகத்தான் பலர் இடது காலை ஒரு சிறு பலகையின் மேல் உயர்த்தி வைத்து வாசிக்கிறார்கள். முதுகு வலித்தால், பலகைக்குப் பதிலாகத் தொடைமேல் வைக்கும் தாங்கியைப் பயன்படுத்தலாம்.

அசுர சாதகம் ஆபத்தா?

நம் சங்கீதக்காரர்கள் 'அசுர சாதகம்' என்று சொல்வார்கள். இரவு பகல் பாராத உழைப்புக்கு அந்தப் பெயர். உழைப்பு வேண்டியதுதான். ஆனால் உழைக்கும் முறை தெரியாவிட்டால் முதலுக்கே மோசம்.

கையைக் கெடுப்பது பெரும்பாலும் திடீர் உழைப்பு. தினம் அரை மணி வாசிக்கும் மாணவன், போட்டி நெருங்கியதும் திடீரென்று நாலு மணி வாசிக்கிறான். பழகாத பாரம் தசைநாண்மேல் ஏறுகிறது. வீக்கமும் வலியும் வருகின்றன.

20 அல்லது 25 நிமிடம் வாசித்தால், ஐந்து நிமிடம் வாத்தியத்தைக் கீழே வையுங்கள். எழுந்து நடங்கள். தோளை உருட்டுங்கள். தொடங்கும்போது எளிய சுரங்களை மெதுவாக வாசியுங்கள். நேரத்தைக் கூட்டுவதானால் வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

கடினமான இடம் வந்தால் வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். கை இறுகாமல் எந்த வேகத்தில் வாசிக்க முடிகிறதோ, அதுவே இன்றைய வேகம். இறுக்கத்தோடு நூறு முறை வாசித்தால், கை அந்த இறுக்கத்தையும் சேர்த்தே மனப்பாடம் செய்துகொள்ளும். பிறகு அதைக் கழற்றுவது பெரும்பாடு.

வலியில் இரு வகை

புதிதாகக் கற்பவருக்கு விரல் நுனி எரியும். தோல் தடிப்பேறும் வரை சில வாரங்கள் அப்படித்தான் இருக்கும். பயப்பட வேண்டாம்.

மணிக்கட்டு வலி வேறு. முன்கையில் குத்தல், விரல் மரத்தல், சுருசுருவென்ற உணர்ச்சி, பிடியில் பலக்குறைவு ஆகியவையும் அப்படியே. இவை வந்தால் உடனே நிறுத்த வேண்டும். சில நாள் ஓய்வுக்குப் பிறகும் தொடர்ந்தால் டாக்டரிடம் போக வேண்டும். எண்ணெய் தடவிக்கொண்டு வாசிப்பைத் தொடர்வது தவறு.

"கை வலிக்குது அம்மா" என்று பிள்ளை சொன்னால், "படிக்கச் சோம்பல்" என்று அதட்டிவிடாதீர்கள். "போட்டி முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்றும் தள்ளிவைக்காதீர்கள். போட்டி அடுத்த ஆண்டும் வரும்.

ஸ்பெயின் நாட்டு ஆந்திரே செகோவியா, கிதாரைப் பெரிய கச்சேரி மேடைகளுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். 1893-ல் பிறந்து 1987-ல் மறைந்தார். தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகும் அவர் மேடையில் உட்கார்ந்து கிதார் வாசித்தார்.

இன்று கிதாரைக் கையில் எடுக்கும் பிள்ளைக்கும் அத்தனை ஆண்டுகள் முன்னால் இருக்கின்றன. அவசரம் ஒன்றும் இல்லை. தோளை இறக்கி, மூச்சை விட்டு, மெதுவாகத் தொடங்கட்டும்.