ஏன் உறங்கவில்லை என்று அதையே கேட்போம்

சித்தப்பா பிழைதிருத்துபவர். இரவு பதினோரு மணிக்கு ஒரு நாவலின் 214ஆம் பக்கத்தில் நிறுத்தினால், காலையில் மடிக்கணினியைத் திறக்கும்போது அதே பக்கம், அதே வரி, பக்கத்தில் அகராதி, கீழே அவருடைய சந்தேகக் குறிப்புகள் எல்லாம் வைத்த இடத்தில் இருக்க வேண்டும். அதற்காகவே பல வருடமாக ‘ஹைபர்னேட்’ கொடுத்துவந்தார். போன வாரம் பவர் பட்டியலில் அந்தச் சொல்லையே காணவில்லை. வேறு வழியில்லாமல் ‘ஸ்லீப்’ கொடுத்து மூடினார். பழைய பேட்டரி விடிவதற்குள் தீர்ந்துவிட்டது. சேமிக்காத திருத்தங்கள் போயே போய்விட்டன.

“விண்டோஸையே புதுசா போடணும்கிறாங்க. போட்டுடலாமாம்மா?” என்றார்.

“முதல்ல டீ ஆறுறதுக்குள்ள குடிங்க சித்தப்பா. என்ன தடைன்னு அதுகிட்டயே கேட்டுப் பார்ப்போம்.”

நாம் வேலை செய்துகொண்டிருப்பதெல்லாம் ராமில் இருக்கிறது. மின்சாரம் ஓடும்வரைதான் ராமுக்கு நினைவு. ஸ்லீப்பில் மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு ராமுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும்; பேட்டரி தீர்ந்தால் நினைவும் தீர்ந்தது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் ஸ்லீப் என்பது அரைத்தூக்கம்தான். பைக்குள் வைத்த கணினி சுடுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஹைபர்னேட் அப்படியல்ல. ராமில் உள்ளதைச் சுருக்கி, சி டிரைவில் ‘ஹைபர்ஃபில் டாட் சிஸ்’ என்ற மறைகோப்பில் எழுதிவிட்டு, கணினி முழுக்க அணைந்துவிடும். பேட்டரி தீர்ந்தாலும் எழுதிவைத்தது அழியாது. ஆகவே ஹைபர்னேட் வேலை செய்யவில்லை என்றால் முதலில் விசாரிக்க வேண்டியது இந்தக் கோப்பைத்தான்.

ஸ்டார்ட்டில் ‘சிஎம்டி’ என்று தேடி, கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தேன். ‘பவர்சிஎஃப்ஜி’ என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடம் விட்டு, சாய்கோடும் ‘ஏ’ எழுத்தும் போட்டு என்டர் அழுத்தினேன். இந்தக் கணினியால் எந்தெந்த உறக்கம் முடியும், எது முடியாது, ஏன் முடியாது என்று அதுவே பட்டியல் போட்டுவிடும். பத்து வினாடிகூட ஆகாத இந்தக் கேள்வியைக் கேட்காமல், உள்ளே இருப்பதையெல்லாம் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

சித்தப்பாவின் கணினி சொன்ன பதில்: ஹைபர்னேஷன் இயக்கப்படவில்லை. விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. வட்டில் இடமில்லை என்று அவர் மகன் பெரிய கோப்புகளைத் தேடியிருக்கிறான். 16 ஜிபி ராமுக்கு இந்தக் கோப்பு வழக்கமாக 40 சதவீதம், அதாவது ஆறு ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும். குப்பை என்று நினைத்து அதை நீக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டான். கோப்போடு ஹைபர்னேட்டும் போய்விட்டது. வேகமாகத் திறக்க உதவும் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியும் இதை நம்பித்தான் இருக்கிறது, அதுவும் கூடவே போயிருக்கும்.

மருந்து ஒற்றை வரி: பவர்சிஎஃப்ஜி, சாய்கோடு, ஹைபர்னேட், ஆன். சிலருக்கு வேறு பதில் வரும்: கோப்பின் வகை ஹைபர்னேஷனுக்கு ஒத்துவராது என்று. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்புக்கு மட்டும் போதுமான 20 சதவீதச் சிறிய கோப்பு அங்கே இருக்கிறது என்று பொருள். அதே கட்டளையில் ‘ஆன்’ இருக்கும் இடத்தில் ‘சாய்கோடு டைப் ஃபுல்’ என்று கொடுத்தால் கோப்பு முழு அளவுக்கு வளரும். டிரைவில் அதற்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்கூறு ஒன்று தடுக்கிறது என்று வந்தால் முதல் சந்தேகம் திரை டிரைவர் மேல். விண்டோஸோடு வரும் அடிப்படை டிஸ்ப்ளே டிரைவர் மட்டும் ஓடினால் ஹைபர்னேட் வராமல் போகலாம்; கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து சரியானதை நிறுவ வேண்டும்.

“எல்லாம் சரி, பட்டியல்ல அந்தச் சொல் வரலையே?” என்றார் சித்தப்பா. கோப்பு திரும்பினாலும் சொல் தானாக வராமல் போகலாம். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பக்கம். மேலே உள்ள ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ வரியை அழுத்தினால்தான் கீழே ஹைபர்னேட் கட்டம் உயிர்பெறும். டிக் போட்டு சேமித்தோம்.

சொல் இருக்கிறது, அழுத்தினால் திரை இருண்டு உடனே திரும்பிவிடுகிறது என்பவர்கள் யூஎஸ்பியில் செருகியதையெல்லாம் கழற்றிவிட்டு ஒருமுறை முயன்று பாருங்கள். தானாக உறங்க வேண்டிய நேரத்தில் உறங்காத கணினிக்கு ‘பவர்சிஎஃப்ஜி, சாய்கோடு, ரிக்வெஸ்ட்ஸ்’. யார் அதை உறங்கவிடாமல் வைத்திருக்கிறார்கள் என்று பெயரோடு சொல்லும். பின்னணியில் ஒலி ஓடவிட்ட ஏதோ ஒரு நிரலாகக்கூட இருக்கும். எதுவானாலும் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். அப்படி அணைத்தால் சேமிக்காதது மிஞ்சாது.

சித்தப்பா நாவலைத் திறந்து, முதலில் சேமித்து, பிறகு ஹைபர்னேட் அழுத்தினார். விளக்கு அணைந்தது. சார்ஜரையும் கழற்றச் சொன்னேன். இரண்டாவது டீயைக் குடித்து முடித்துவிட்டுத் திறந்தார். 214ஆம் பக்கம். ஒற்று விடுபட்ட அதே சொல்லின் பக்கத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. பேசாமல் அந்த ஒற்றைப் போட்டார்.