தனியொருவர் பல்லியம்

கிற்றார் என்னும் நரம்புக் கருவி மேனாட்டிலே தனித்து ஒலிப்பதினும் பிறவற்றோடு கூடி ஒலிப்பதே பெருவழக்கு. ஒருவர், கோட் எனப்படும் சுரக்கூட்டுக்களைத் தாளம் பிசகாது அடித்துச் செல்வார். மற்றொருவர் அதன்மேல் இன்னிசையை விரிப்பார். மூன்றாமவர் கீழ்ச்சுரங்களால் இருவரையும் தாங்குவார். அங்ஙனமாயின், கூட்டாளிகள் இல்லாத ஒருவர் தம் வீட்டறையில் இருந்தவாறே அவ்விசையைப் பயிலுதல் எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை கண்ட வரலாற்றையும், அவ்விடையாற் கிடைத்த கல்வியையும் ஈண்டு எழுதப் புகுந்தோம். கடல்கடந்த நகரங்களிலே தனியறையில் வாழும் நம் பழைய மாணவருள்ளும், இன்று பயிலும் இளைஞருள்ளும் கிற்றாரைக் கையிலெடுத்தோர் இருப்பராதலின், இஃது அவர்க்கு முற்றும் பயனற்றதாகாது என நம்புகின்றோம்.

ஒருவரே பல கருவிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிதல் 1941ஆம் ஆண்டிலேயே நிகழ்ந்தது. சிட்னி பெசே என்னும் ஜாஸ் கலைஞர் ஆறு கருவிகளைத் தாமே வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். ஆயினும் அதனை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு கலையாக வளர்த்தவர் லெஸ் போல் என்பவரே. 1915இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திற் பிறந்த இவர், சிக்காகோ நகர வானொலியிலே நாட்டுப்புறப் பாடல்களை ஒரு பெயரில் வாசிப்பார். ஜாஸ் இசையை வேறொரு பெயரில் வாசிப்பார். இவ்வாறு இரண்டு பாணிகளை ஒருங்கே கற்ற ஒருவருக்குத் தம் வாசிப்பைத் தாமே மீளக் கேட்கும் ஆவல் எழுந்தது வியப்பன்று. ஹொலிவூட்டில் இருந்த தம் வீட்டின் மோட்டார்க் கொட்டிலிலே அவர் ஒலிப்பதிவுக் கருவிகளைத் தாமே அமைத்துக்கொண்டார்.

அவர் முதலிற் கையாண்டது தட்டுமுறை. ஒரு பாகத்தை வாசித்து ஒரு தட்டிற் பதிவர். அத்தட்டை ஓடவிட்டு, உடன் இரண்டாம் பாகத்தை வாசித்து, இரண்டையும் சேர்த்து மற்றொரு தட்டிற் பதிவர். 1948இல் வெளியான ‘லவர்’ என்னும் பாட்டிலே எட்டுக் கிற்றார்கள் ஒலிக்கின்றன. எட்டும் ஒருவர் கையே. அவற்றுட் சில பாகங்கள் பாதி வேகத்திற் பதிந்து முழுவேகத்தில் ஓட்டப்பட்டன. அங்ஙனம் ஓட்டும்போது வாசிப்பின் விரைவு இரட்டிக்கும். சுரமும் ஒரு ஸ்தாயி உயரும். அவ்வாண்டுத் தொடக்கத்தில் நிகழ்ந்த மோட்டார் விபத்தொன்றில் அவருடைய வலக்கை நொறுங்கிற்று. முழங்கை இனி மடங்காது என்றறிந்த அவர், கிற்றார் வாசிப்பதற்கேற்ற கோணத்திலேயே அதனைப் பொருத்திவிடுமாறு வைத்தியரை வேண்டிக்கொண்டனர் என்பர்.

1949இல் பாடகர் பிங் குறோஸ்பி, அம்பெக்ஸ் நிறுவனத்தாரின் நாடாப் பதிவுக் கருவி ஒன்றை லெஸ் போலுக்குப் பரிசாக அளித்தார். நாடாவிலே பழைய ஒலியை அழிக்கும் தலை முன்னும், புதிய ஒலியைப் பதிக்கும் தலை அதன் பின்னும் அமைந்திருக்கும். லெஸ் போல் செய்த மாற்றம் மிக எளியது. அழிக்கும் தலைக்கும் முன்னால் ஒலிக்கும் தலை ஒன்றைக் கூடுதலாகப் பொருத்தினார். அழியுமுன்னே பழைய ஒலி அதன்வழி வெளிவரும். அதனோடு புதிய வாசிப்பும் கலந்து அதே நாடாவில் மீண்டும் பதியும். இம்முறையிலே அவரும் அவர் மனைவியார் மேரி போர்ட்டும் பதிந்த ‘ஹௌ ஹை த மூன்’ 1951இல் ஒன்பது வாரம் அமெரிக்காவில் முதலிடம் வகித்தது. அப்பாட்டிற் கேட்கும் குரல்கள் பல. பாடியவர் அவ்வம்மையார் ஒருவரே.

இம்முறையின் கொடுமையையும் சொல்லவேண்டும். ஏழு பாகம் செவ்வனே பதிந்தபின், எட்டாம் பாகத்தில் ஒரு விரல் தவறின் ஏழும் போயின; பழையது அழிந்துவிட்டதாதலின் முதலிலிருந்தே தொடங்கவேண்டும். மேலும், படி எடுக்குந்தோறும் பழைய பாகங்கள் மங்கி நாடாவின் இரைச்சல் மிகும். ஆகவே சிறப்பில்லாத பாகங்களை முதலிலும், தலைமைப் பாகத்தை இறுதியிலும் பதிதல் வேண்டும். இதன் பொருள் யாது? முதற் சுரத்தை வாசிக்குமுன்னரே முழுப்பாட்டும் உள்ளத்தில் அமைந்திருத்தல் வேண்டும் என்பதே. இக்காலக் கணினியிலே நூறு தடங்கள் வேண்டினும் கிடைக்கும். பிழைத்த சுரம் ஒன்றை மட்டும் பெயர்த்தெடுத்துத் திருத்தலும் கூடும். வசதி பெரிதே. ஆனால் பாட்டை முன்னரே எண்ணும் பழக்கம் அதனாற் குன்றியது என்பது எம் துணிபு.

தடங்களைப் பிரித்து வைக்கும் வழி 1957இல் லெஸ் போலுக்குக் கிட்டியது. அம்பெக்ஸ் நிறுவனத்தார் எட்டுத் தடக் கருவியொன்றை அவருக்குச் செய்து கொடுத்தனர். பதிக்கும் தலைக்கும் ஒலிக்கும் தலைக்கும் இடையே ஒன்றரை அங்குலம் உண்டெனக் கொள்வோம். செக்கனுக்கு 15 அங்குலம் ஓடும் நாடாவிலே, ஒன்றைக் கேட்டு மற்றொன்றைப் பதிந்தால் பத்திலொரு பங்கு செக்கன் பிந்தும். தாளத்துக்கு அது பெருங்கேடு. பதிக்கும் தலையையே பழைய தடங்களைக் கேட்கவும் பயன்படுத்தி இக்குறையை நீக்கினர். 1979இல் நான்கு தடங்களைச் சாதாரண கசற்றிற் பதியும் சிறுபெட்டி ஒன்று டஸ்காம் என்னும் பெயரில் வெளிவர, எவர் வீட்டிலும் இது கைகூடிற்று.

இனிக் கல்விக்கு வருவோம். புதிய பாணி ஒன்றைக் கற்பவர் பெரும்பாலும் தலைமை வாசிப்பையே நாடுவர், இது மயக்கம். 1934இல் பாரிசில் எழுந்த ஜாங்கோ றைன்ஹாட் குழுவை நோக்குக. வயலின் ஒன்று, கிற்றார் மூன்று, பெருவயலின் ஒன்று, மேளம் இல்லை. ஜாங்கோவின் விரைந்த விரல்களையே உலகம் புகழும். தீயிற் கருகிய இடக்கையின் இரு விரல்களாலேயே பெரும்பாலும் வாசித்தவராதலின் அப்புகழ் தக்கதே. எனினும் அவ்விசையின் உயிர், மேளத்தின் தொழிலையும் ஏற்று அடியடியாய் நின்ற மற்ற இரு கிற்றார்களிலே உள்ளது. அத்தாளக் கிற்றாரை மூன்று நிமிடம் பதிந்து, அதன்மேல் நாமே தலைமை வாசிக்கப் புகுந்தால் உண்மை வெளிப்படும். எங்கே விரைந்தோம், எங்கே தளர்ந்தோம், எக்கோட்டை மாற்றும்போது கை தடுமாறிற்று என்பவற்றைப் பிறர் எவரும் சொல்லவேண்டுவதில்லை. கச்சேரியிலே கையால் தாளமிட்டுப் பழகிய நம்மவர்க்கு இக்கண்டிப்பு புதிதன்று. தாளமிட்டவரும் தாமே, தண்டிக்கப்படுபவரும் தாமே என்பதே வேறுபாடு.

ஆயின் எல்லாப் பாணியும் இவ்வாறு பிரிக்கத் தக்கதன்று. மேள் ற்றாவிஸ் என்னும் அமெரிக்கரின் பாணியிலே கட்டைவிரல் கீழ்ச்சுரங்களை மாறிமாறி அடிக்க, சுட்டுவிரல் இன்னிசையை எடுக்கும். இவ்விரண்டையும் வெவ்வேறு தடத்திற் பதிந்தால் சுரங்கள் சரியாயிருக்கும், பாணி இராது. பிறேசில் நாட்டு ஜோவா ஜில்பேட்டோ 1958 முதற் பரப்பிய பொசா நோவாவும் அத்தகையதே. அங்கே குரல் தாளத்தைச் சற்றே முந்தியும் பிந்தியும் செல்லும்; கிற்றார் அசையாது நிற்கும். இரண்டும் ஒரே உடம்பிலிருந்து ஒரே வேளையிற் பிறத்தல் வேண்டும்.

புறூஸ் ஸ்பிறிங்ஸ்ரீன் 1982 ஜனவரியிலே, நியூ ஜேர்சியில் வாடகைக்கு எடுத்த வீட்டில் இருந்து, மேற்சொன்ன கசற்றுப் பெட்டியில் தம் பாட்டுக்களைப் பதிந்தார். குரலையும் கிற்றாரையும் சேர்ந்தே முதல் இரண்டு தடங்களிற் பதிந்துவிட்டு, எஞ்சிய இரண்டையே மேற்சேர்க்கைக்கு வைத்துக்கொண்டார். அது தம் குழுவினர்க்குக் காட்டுவதற்கான மாதிரியே. பின்னர்க் குழுவோடு பெரிய கூடத்திலே பதிந்து பார்த்தபோது அம்மாதிரியின் உயிர் அங்கே வரவில்லை. ஆகவே அக்கசற்றே ‘நெபிறாஸ்கா’ என்னும் பெயரில் அவ்வாண்டிலே இசைத்தட்டாக வெளிவந்தது.